டோரஸ் நீரிணைக் கொடி: கடலை நடுவில் வைத்த மக்கள்

ஆஸ்திரேலியாவில் பல அரசு அலுவலகங்களின் முன்பும் பள்ளிகளின் முன்பும் மூன்று கொடிகள் அருகருகே பறக்கின்றன. முதலாவது, மூலையில் பிரிட்டிஷ் கொடியைத் தாங்கிய நீல நிறத் தேசியக் கொடி. இரண்டாவது, மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம் கொண்ட பழங்குடியினர் கொடி. மூன்றாவது பச்சையும் நீலமுமாக, மையத்தில் ஒரு வெள்ளைச் சின்னத்துடன் இருக்கும். கிரிக்கெட் ஒளிபரப்புகளில் முதல் இரண்டையும் பார்த்துப் பழகிய நம்மில் பலருக்கு இந்த மூன்றாவது கொடி யாருடையது என்று தெரியாது.

அது டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் கொடி. உலகக் கொடிகளில் மிக நன்றாக யோசித்து வரையப்பட்டவற்றுள் ஒன்று என்று நான் அதைக் கருதுகிறேன். ஒரு சிறிய கடற்பரப்பின் புவியியல், அங்கு வாழும் ஐந்து தீவுக் கூட்டங்களின் ஒற்றுமை, நூறாண்டுக்கு மேல் மற்றவர் ஆட்சியில் இருந்த ஒரு மக்களின் உரிமைக் குரல் ஆகிய மூன்றும் ஐந்து பட்டைகளிலும் ஒரே சின்னத்திலும் அடங்கியிருக்கின்றன.

பச்சை என்றால் நிலம், நீலம் என்றால் கடல் என்று பாடப்புத்தகம் போல் சொல்லி முடித்துவிடலாம். அது சரியான தகவல்தான். ஆனால் ஒரு கொடியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்பதோடு, அதை வரைய வேண்டிய தேவை ஏன் அந்தக் காலத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கொடி 1992-இல் பிறந்தது. அந்த ஆண்டு தற்செயலானதல்ல.

யார் இந்த மக்கள்?

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனை கேப் யார்க். அங்கிருந்து வடக்கே நியூ கினித் தீவு வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆழம் குறைந்த கடல் விரிந்திருக்கிறது. கிழக்கே பவளக் கடல், மேற்கே அராபுரா கடல். இரண்டையும் இணைக்கும் இந்த இடைக்கடல்தான் டோரஸ் நீரிணை. 1606-இல் இவ்வழியே கப்பலில் சென்ற ஸ்பெயின் மாலுமியின் பெயரை ஐரோப்பியர் இதற்குச் சூட்டினார்கள். தீவு மக்கள் தங்கள் பகுதியை ‘செனாத் கெஸ்’ என்றும் அழைக்கிறார்கள்.

பனியுகத்தில் இங்கே கடல் இல்லை. ஆஸ்திரேலியாவும் நியூ கினியும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி நடுப்பகுதியை மூடியது. உயரமான குன்றுகள் தீவுகளாக மிஞ்சின. பிற்பாடு பவளத் திட்டுகளும் மணல் தீவுகளும் சேர்ந்துகொண்டன. இன்று 270-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. மக்கள் வாழ்பவை இருபதுக்கும் குறைவு.

இம்மக்களை ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் பழங்குடியினரோடு சேர்த்து ஒன்றாக எண்ணிவிடுவது பரவலான தவறு. இவர்கள் நியூ கினியும் அதற்குக் கிழக்கேயுள்ள பசிபிக் தீவுகளும் சேர்ந்த மெலனீசியப் பகுதியின் மரபினர். வாழை, கிழங்கு போன்றவற்றைத் தோட்டங்களில் பயிரிட்டவர்கள். ஆமையையும் கடற்பசுவையும் வேட்டையாடியவர்கள். இருபுறமும் மிதவைக் கட்டைகள் பொருத்திய படகுகளில் தீவுக்குத் தீவு சென்று வணிகம் செய்தவர்கள். அப்படகுகளுக்கான பெரிய மரங்கள் அவர்கள் தீவுகளில் விளையவில்லை. நியூ கினியின் ஃப்ளை ஆற்று முகத்துவாரத்திலிருந்து சங்குகளுக்கும் சிப்பிகளுக்கும் மாற்றாகக் குடைந்த மரங்களை வாங்கி வந்தார்கள். இந்த ஒரு செய்தியே போதும், அவர்களுக்குக் கடல் எல்லைச் சுவராக அல்ல, போக்குவரத்துச் சாலையாக இருந்தது என்பதற்கு.

தீவுகள் ஐந்து கூட்டங்களாகப் பிரிகின்றன. நியூ கினிக் கரையை ஒட்டிய வடக்கில் பொய்கு, டாவன், சைபாய். மேற்கில் மபுயாக், படு, மோவா. கேப் யார்க்கை ஒட்டித் தெற்கில் தர்ஸ்டே தீவும் அதன் அண்டைத் தீவுகளும். நடுவில் மசிக், இயாமா, பொருமா, வராபர் ஆகிய தாழ்ந்த தீவுகள். கிழக்கில், எரிமலை மண் வளம் கொண்ட மெர், எருப், உகர். மேற்குத் தீவுகளின் மொழிக்கும் கிழக்குத் தீவுகளின் மொழிக்கும் உறவு மிகக் குறைவு. மேற்கில் பேசப்படும் கலா லகாவ் யா ஆஸ்திரேலிய மொழிகளைச் சார்ந்தது. கிழக்கில் பேசப்படும் மெரியம் மிர், நியூ கினிப் பக்கத்துப் பாப்புவ மொழிகளோடு உறவுடையது. கிழக்குத் தீவினரும் மேற்குத் தீவினரும் பேசிக்கொள்ள இன்று ஒரு கலப்பு மொழி பொதுவாக இருக்கிறது.

இத்தனை வேறுபாடுகள் உள்ளவர்களுக்கு ஒரே கொடி வரைய வேண்டும் என்பதுதான் அந்தக் கொடியை வரைந்தவரின் முன் இருந்த சவால்.

கொடியைப் படிப்போம்

மேலும் கீழும் பச்சைப் பட்டைகள். நடுவில் அவற்றைவிட அகலமான நீலப் பட்டை. பச்சையும் நீலமும் தொடும் இரு இடங்களிலும் மெல்லிய கறுப்புக் கோடுகள். நீலத்தின் மையத்தில் வெண்மையான ஒரு தலையணி. அதன் வளைவுக்குள் ஐந்து முனை கொண்ட வெள்ளை விண்மீன். கொடி முழுவதும் இவ்வளவுதான்.

பச்சை நிலத்தையும், நீலம் கடலையும், கறுப்பு மக்களையும், வெள்ளை அமைதியையும் குறிக்கின்றன. இது அதிகாரபூர்வமான விளக்கம். ஆனால் நிறங்களின் பொருளைவிட அவை வைக்கப்பட்டிருக்கும் இடம்தான் என்னை ஈர்க்கிறது. நீரிணையின் வரைபடத்தை மேசைமீது விரித்து, அருகில் இந்தக் கொடியை வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் மேலே நியூ கினியின் பசுமை, கீழே கேப் யார்க்கின் பசுமை, நடுவில் நீல நீரிணை. கொடியும் அப்படியே இருக்கிறது. பெரும்பாலான நாடுகளின் கொடிகளில் கடல் என்பது ஓரத்தில் வரும் ஒரு நிறம், அல்லது பின்னணி. இங்கே நிலம்தான் ஓரம்; கடல் மையம்.

கறுப்புக் கோடுகள் இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மக்களைக் குறிக்கும் நிறத்தை ஒரு பெரிய பட்டையாக வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நிலமும் கடலும் சந்திக்கும் விளிம்பில், அதாவது கரையில், வைத்திருக்கிறார்கள். தீவு வாழ்க்கை உண்மையில் நடக்கும் இடம் அதுதான்: படகு இழுத்து ஏற்றப்படும் இடம், வலை காயும் இடம், ஊர் அமைந்திருக்கும் இடம். வடிவமைப்பு நோக்கில் அக்கோடுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அடர்ந்த பச்சையையும் நீலத்தையும் ஒட்டி வைத்தால் தொலைவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் கலந்து மங்கும். இடையில் ஒரு கறுப்புக் கோடு வந்தால் இரண்டும் தனித்துத் தெரியும்.

மையத்திலுள்ள தலையணிக்குத் தாரி என்று பெயர். கிழக்குத் தீவுகளின் மெரியம் மொழிச் சொல் அது. ஆண்கள் நடனத்தின்போது அணியும் விசிறி வடிவமான அணிகலன் இது. கப்பற்பறவையின் இறகுகளையும், அப்பகுதிக்கே உரிய வெண்புறாவின் இறகுகளையும் சட்டத்தில் வரிசையாகப் பொருத்திச் செய்வார்கள். முற்காலத்தில் போர்க்கோலத்திலும் இதற்கு இடமிருந்தது. 1898-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழு நீரிணையிலிருந்து பெருந்தொகையான பொருள்களைச் சேகரித்துச் சென்றது; அதனால் தலையணிகள் உள்ளிட்ட தீவுப் பண்பாட்டின் பல பழைய பொருள்கள் இன்று இங்கிலாந்தில் இருக்கின்றன. ஆனால் தாரி அருங்காட்சியகத்தோடு முடிந்துபோன பொருள் அல்ல. திருமணம், திறப்பு விழா, கல்லறைக் கல் திறக்கும் சடங்கு என இன்றும் அதை அணிந்து ஆடுகிறார்கள். எருப் தீவைச் சேர்ந்த கலைஞர் கென் தைடே தாரியை அசையும் சிற்பமாகவே வளர்த்தெடுத்து உலகக் கலைக்கூடங்களுக்குக் கொண்டு சென்றார்.

தாரியைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல வடிவமைப்பாளரின் கண் தெரிகிறது. அது இடம் வலம் ஒத்த வடிவம். கொடி துணியால் ஆனது, காற்றில் திரும்பும், பின்பக்கமும் தெரியும். எழுத்தோ, ஒரு பக்கம் பார்க்கும் விலங்கின் உருவமோ இருந்தால் பின்பக்கம் இடம் வலமாக மாறிவிடும். தாரிக்கும் விண்மீனுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே கொடிதான்.

ஒரு விண்மீன், ஐந்து முனைகள்

தீவு மக்களின் கொடிகளில் விண்மீன்களை எண்ணினால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கணக்கு கிடைக்கும். துவாலுவின் கொடியில் ஒன்பது விண்மீன்கள், தீவுகள் ஒன்பது. மைக்ரோனேசியாவின் கொடியில் நான்கு, மாநிலங்கள் நான்கு. நவ்ருவின் கொடியில் ஒரே விண்மீன், ஆனால் பன்னிரண்டு முனைகள். அங்குள்ள மூலக் குடிகள் பன்னிரண்டு.

டோரஸ் நீரிணையின் கொடி நவ்ருவின் வழியில் நிற்கிறது. ஐந்து தீவுக் கூட்டங்களுக்கு ஐந்து தனித்தனி விண்மீன்களை வைப்பது எளிது. அப்படி வைத்திருந்தால் எது பெரியது, எது மேலே, எது நடுவில் என்ற கேள்விகள் எழுந்திருக்கும். ஒரே விண்மீனில் ஐந்து முனைகளும் சமம்; ஒன்றை நீக்கினால் விண்மீனே இல்லை. மொழியால் பிரிந்த கிழக்கும் மேற்கும் இதில் ஒன்றாகின்றன.

விண்மீனுக்கு இன்னொரு பொருளும் உண்டு: கடல்வழி அறிதல். திசைகாட்டி இல்லாத காலத்தில் இரவுக் கடலில் வழி சொன்னவை விண்மீன்கள்தான். நீரிணை மக்களின் வானத்தில் மிகப் பெரிய உருவம் தாகை என்னும் மீனவர். படகில் நிற்கும் இவருடைய இடக்கை தெற்குச் சிலுவை விண்மீன் கூட்டம். வலக்கை, நாம் அஸ்தம் என்று சொல்லும் விண்மீன்கள். அவர் நிற்கும் படகு நமது விருச்சிகம். தாகையின் படகில் பன்னிரண்டு துணைவர்கள் இருந்தார்கள். பயணத்துக்கென வைத்திருந்த உணவையும் நீரையும் அவர்கள் திருடித் தீர்த்துவிட்டதால் தாகை அவர்களை ஆறு ஆறாகக் கோத்துக் கடலில் எறிந்தார் என்பது கதை. ஓர் ஆறு பேர் கார்த்திகை விண்மீன்களாகவும், மற்ற ஆறு பேர் ஓரியன் கூட்டத்திலும் தெரிகிறார்கள். எறிந்தவரும் எறியப்பட்டவர்களும் வானில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள்.

கதை இத்துடன் நின்றுவிடுவதில்லை. தாகையின் இடக்கை அடிவானத்தில் கடலுக்குள் இறங்கும்போது வடமேற்குப் பருவக்காற்றும் மழையும் நெருங்குகின்றன என்று அறிந்து தோட்டங்களைத் தயார்செய்வார்கள். எப்போது நடுவது, எப்போது ஆமைகள் கூடும், எப்போது பயணம் செய்வது என்பதையெல்லாம் இந்த உருவத்தின் ஏற்ற இறக்கம் சொன்னது. கொடியில் விண்மீனைப் பார்க்கும் தீவுவாசிக்கு அதன் பின்னால் இந்த வானமும் இருக்கிறது.

1992 வரை நடந்தவை

இந்த மக்கள் தங்கள் கடலை இழந்த கதை ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. இன்று ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலமாக இருக்கும் குயின்ஸ்லாந்து அப்போது ஒரு பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. 1879-இல் அது தன் எல்லையை நியூ கினிக் கரை வரைக்கும் நீட்டிக்கொண்டது. தீவுவாசிகளின் சம்மதம் கேட்கப்படவில்லை. நியூ கினிக்குச் சில கிலோமீட்டரே தள்ளியுள்ள சைபாய் இன்றும் ஆஸ்திரேலியாவாக இருப்பது அந்த முடிவால்தான்.

குயின்ஸ்லாந்தின் ஆவலுக்குக் காரணம் சிப்பி. மன்னார் வளைகுடாவில் முத்துக்காகக் குளித்தார்கள். டோரஸ் நீரிணையில் முக்கியப் பொருள் முத்து அல்ல, பொத்தான் செய்யப் பயன்பட்ட சிப்பி ஓடு. அதை எடுக்க ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பைன்ஸ் நாட்டினர் வந்தார்கள். இலங்கையிலிருந்து சிங்களவர்களும் தர்ஸ்டே தீவில் குடியேறினார்கள். தீவு ஆண்களும் படகுகளில் உழைத்தார்கள். ஆனால் அவர்கள் சம்பளத்தை அவர்களே கையாள முடியவில்லை. ‘பாதுகாப்பாளர்’ என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் பணம் எடுக்க முடியாது. தீவு விட்டுத் தீவு போகவும் அனுமதி தேவைப்பட்டது. கடலைச் சாலையாகக் கொண்டிருந்தவர்களுக்கு இது எத்தகைய கட்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1936 ஜனவரியில் அவர்கள் படகேற மறுத்தார்கள். தீவுக்குத் தீவு பரவிய அந்த வேலைநிறுத்தம் மாதக் கணக்கில் நீடித்தது. அதன் விளைவாக 1937-இல் மசிக் தீவில் தீவு மன்றத் தலைவர்கள் முதன்முறையாகக் கூடி அரசுடன் பேசினார்கள். 1939-இல் டோரஸ் நீரிணைத் தீவுவாசிகளைத் தனி மக்களாக ஏற்கும் சட்டம் வந்தது. ஐந்து கூட்டங்களும் ஒரே மக்களாக எண்ணிக்கொள்ளத் தொடங்கியதை நான் இந்த வேலைநிறுத்தத்திலிருந்துதான் கணக்கிடுவேன். கொடியிலுள்ள விண்மீன் அங்கேதான் உருவாகத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரில் 800-க்கும் மேற்பட்ட தீவு ஆண்கள் டோரஸ் நீரிணை இலகு காலாட்படையில் சேர்ந்தார்கள். போராடும் வயதுடைய ஏறக்குறைய எல்லா ஆண்களும் என்று சொல்லலாம். வெள்ளைச் சிப்பாயின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. மறுத்துப் போராடிய பிறகு மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. மீதித் தொகையைப் பெற 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. சிப்பித் தொழில் படுத்தது. ஆயிரக்கணக்கானோர் பெருநிலத்துக்குப் போனார்கள்: கரும்பு வெட்ட, ரயில் பாதை போட. 1968-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே நாளில் 7 கிலோமீட்டர் தண்டவாளம் பதித்துச் சாதனை படைத்த குழுவில் பெரும்பாலோர் டோரஸ் நீரிணைக்காரர்கள். இன்று தீவுகளில் இருப்பவர்களைவிட டவுன்ஸ்வில், கெய்ன்ஸ் போன்ற நகரங்களில் இருப்பவர்கள்தான் பலமடங்கு அதிகம். தீவைப் பார்க்காமலேயே வளரும் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் என்று சொல்லும் அடையாளம் ஒன்று தேவைப்பட்டது. இதையும் கொடி பிறந்த காரணங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

1975-இல் பாப்புவா நியூ கினி சுதந்திரம் அடைந்தபோது, எல்லையைத் தெற்கே நகர்த்திச் சில தீவுகளை அந்நாட்டுக்கு விட்டுவிடலாம் என்ற யோசனை எழுந்தது. எல்லையை மாற்றாதே என்று தீவு மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1978-இல் கையெழுத்தாகி 1985-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் தீவுகளை ஆஸ்திரேலியாவிலேயே வைத்தது; கடலடித் தரைக்கான எல்லை மட்டும் தெற்கே சென்றது. இரு கரையிலும் உள்ள மரபுவழிக் குடிகள் பாஸ்போர்ட் இல்லாமல் வந்துபோகவும் அது வழிசெய்தது. 1988-இல் தனிநாடு கேட்கும் குரலும் வலுத்தது. அது நிறைவேறவில்லை. ஆனால் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின் அடங்கவில்லை.

ஐந்து நாள் இடைவெளி

1992 ஜனவரியில் தீவுகளின் ஒருங்கிணைப்பு மன்றம் பண்பாட்டு மீட்புப் பயிலரங்கு ஒன்றை நடத்தியது. அதன் பகுதியாக ஒரு கொடி வடிவமைப்புப் போட்டியும் நடந்தது. வென்றவர் தர்ஸ்டே தீவைச் சேர்ந்த பெர்னார்ட் நமோக். அவர் வரைந்த கொடி 1992 மே 29 அன்று பண்பாட்டு விழாவில் மக்கள் முன் ஏற்றப்பட்டது. அந்த நாள் இன்றும் கொடி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மே 29-க்குப் பிறகு ஐந்தாம் நாள், ஜூன் 3 அன்று, நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்பளித்தது.

எடி மாபோ மெர் தீவைச் சேர்ந்தவர். டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை செய்தபோது, தன் குடும்பத்துக்கு உரியதென அவர் நம்பியிருந்த மெர் தீவு நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம் என்று அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். 1982-இல் அவரும் வேறு நால்வரும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1985-இல், தீவுவாசிகளுக்கு உரிமை இருந்திருந்தாலும் அது 1879-இலேயே ஒழிந்துபோனது என்று குயின்ஸ்லாந்து அரசு ஒரு சட்டம் போட்டது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1988-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மெரியம் மக்களிடம் தோட்டத்துக்குத் தோட்டம் எல்லை இருந்தது. பிறருடைய நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று மாலோ என்னும் தெய்வத்தின் பெயரால் விதி இருந்தது. இவையெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியமாயின. வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற பழைய கோட்பாட்டை ஆறு நீதிபதிகள் நிராகரித்தார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

மாபோ 1992 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அவர் கேட்ட தீர்ப்பையும், அவர் மக்களுக்குக் கிடைத்த கொடியையும் அவர் பார்க்கவில்லை. பெர்னார்ட் நமோக்குக்கும் காலம் நீளவில்லை. கொடி ஏற்றப்பட்ட மறு ஆண்டே, 31 வயதில், அவர் காலமானார்.

கொடியையும் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. தீர்ப்பு நிலத்தைப் பற்றியது மட்டுமே. கடலைப் பற்றி அது எதுவும் முடிவுசெய்யவில்லை. கொடியோ அதற்கு ஐந்து நாள் முன்பே கடலை நடுவில் வைத்துவிட்டது. எங்கள் நாடு என்றால் கரைவரை உள்ள மண் மட்டுமல்ல, கரைக்கு அப்பாலும் எங்கள் நாடுதான் என்று அது சொன்னது. சட்டம் அந்த இடத்துக்கு வந்துசேர இருபது ஆண்டுகள் ஆயின. 2010-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் தீவு மக்களின் மரபுரிமையை ஏற்றது. அங்கே கிடைக்கும் மீனை விற்கும் உரிமையும் அதில் அடங்கும் என்று 2013 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சொந்தப் பயன்பாட்டுக்குப் பிடிக்கலாம், விற்பனைக்குப் பிடிக்க உரிமம் என்னும் நடைமுறை இருப்பதாலேயே மரபுரிமை அழிந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பெர்னார்ட் நமோக் நீலத்தை அவ்வளவு அகலமாக வரைந்தது எவ்வளவு சரி என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அதே கடல் இப்போது ஏறி வருகிறது. பொய்குவும் சைபாயும் கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத சேற்றுத் தீவுகள். நடுத் தீவுகள் மணல்திட்டுகள். ஆஸ்திரேலிய அரசு போதிய நடவடிக்கை எடுக்கத் தவறியதால் எட்டுத் தீவுவாசிகளின் உரிமைகள் மீறப்பட்டன என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2022 செப்டம்பரில் முடிவு சொன்னது. பொய்குவையும் சைபாயையும் சேர்ந்த இருவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2025 ஜூலையில் தள்ளுபடியானது. அந்த வழக்கின் ஊர்வலங்களிலும் கூட்டங்களிலும் முன்னே சென்றது இந்தக் கொடிதான்.

சட்டத்தில் கொடியின் இடம்

1995 ஜூலை 14 அன்று, கொடிச் சட்டம், 1953-இன் கீழ் இக்கொடியும் பழங்குடியினர் கொடியும் ‘ஆஸ்திரேலியாவின் கொடி’ என்று அறிவிக்கப்பட்டன. தேசியக் கொடி ஒன்றுதான், அது மாறவில்லை. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு வேறு கொடிகளையும் நாட்டின் கொடிகளாக அறிவிக்க இடம் தருகிறது, அதைப் பயன்படுத்தினார்கள். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹோவர்ட் இது பிரிவினையை வளர்க்கும் என்று எதிர்த்தார். அந்த வாதம் இன்றும் அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாட்டின் எல்லை இன்றும் நியூ கினிக் கரைவரை நீண்டிருப்பதே அதை மாற்றாதே என்று இந்த மக்கள் எதிர்த்து நின்றதால்தான். அவர்களுடைய கொடி அந்நாட்டுக்கு அந்நியமாக எப்படி இருக்க முடியும்? 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்குள்ளும் இக்கொடி வைக்கப்பட்டது.

கொடியை அச்சிட விரும்புபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று காப்புரிமை. பழங்குடியினர் கொடியை 1971-இல் வரைந்த ஹரால்ட் தாமஸ் காப்புரிமையைத் தம்மிடமே வைத்திருந்தார். உடைகளில் அச்சிடும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் போனதால் பெரும் சர்ச்சை எழுந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் அரசு அந்த உரிமையை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியது. டோரஸ் நீரிணைக் கொடிக்கு அந்தச் சிக்கல் நேரவில்லை. அதன் உரிமை தொடக்கத்தில் போட்டி நடத்திய ஒருங்கிணைப்பு மன்றத்திடம் இருந்தது. 2008-இல் அம்மன்றத்துக்குப் பதிலாக உருவான டோரஸ் நீரிணைத் தீவு வட்டார மன்றத்திடம் இப்போது இருக்கிறது. துணியாகக் கொடியை ஏற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கொடியின் உருவத்தை வேறு பொருளில் அச்சிட வேண்டுமானால் மன்றத்திடம் எழுத்து மூலம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மூல நிறங்களை மாற்றக் கூடாது. பொருத்தமான இடங்களில் வடிவமைத்தவர் பெர்னார்ட் நமோக் என்று குறிப்பிட வேண்டும். ஏற்றும்போது தாரியின் வளைவு மேலேயும் விண்மீன் அதற்குக் கீழேயும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டைகள் மேலும் கீழும் ஒன்றாக இருப்பதால் தலைகீழாகக் கட்டிவிடும் தவறு அடிக்கடி நேர்கிறது.